ஷான்ஹாய்குவானில் ஒன்பது நிமிடம்

சீஆன்
13 பிப்ரவரி 1998

இல்லை, சாப்பிடாமல் கிளம்பியது கோபத்தால் அல்ல. தண்ணீர் கொதிக்க இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. அந்த ஐந்து நிமிடமும் உன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவ்வளவுதான் அம்மா.

நீ மாவு உருட்டிக்கொண்டிருந்தாய். பயணம் போகிறவருக்குக் கொழுக்கட்டை, திரும்பி வருகிறவருக்கு நூடுல்ஸ். நம் ஊரில் யாரும் இதை மாற்றுவதில்லை. நான் பத்து நாள் ஊர் சுற்றப் போகிறேன் என்று நம்பி நீ கறியும் புளித்த முட்டைகோஸும் கொத்தி வைத்திருந்தாய். ரயில்வே சரக்குப் பிரிவு வேலையை விட்டுவிட்டேன் என்று அப்போதுதான் சொன்னேன். ஏன் அப்போது என்று வழியெல்லாம் யோசித்தேன். உன் கை முழுக்க மாவு. மாவுக் கையால் அடிக்க மாட்டாய் என்று நினைத்திருப்பேன்.

நீ அடிக்கவில்லை. "அந்த வேலைக்காக நான் யார் யார் வாசல்ல நின்னேன்னு உனக்குத் தெரியுமாடி? போறவ போ" என்றாய். போனேன்.

ரயில் எப்படி இருந்தது என்று நீ கேட்க மாட்டாய், சொல்கிறேன். புத்தாண்டு முடிந்து நாடே வேலைக்குத் திரும்புகிறது. பெய்ஜிங்கிலிருந்து நின்றுகொண்டே வந்தேன். கழிப்பறைக்குள் நான்கு பேர் நின்றார்கள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. கால் மரத்துப்போனபோது ஹெனான்காரர் ஒருவர் தன் சாக்கு மூட்டையைக் காட்டினார்.

"இது மேல உக்காரு தங்கச்சி. உள்ள போர்வைதான். முட்டை இல்ல."

உட்கார்ந்தேன். உள்ளே ஏதோ உடைந்தது.

"சரி, ஒரு கிண்ணம் இருந்துச்சு" என்றார்.

இங்கே விடுதியில் ஒரு அறையில் எட்டுப் பெண்கள். படுக்கைக்குப் பன்னிரண்டு யுவான். போர்வையில் எனக்கு முன்னால் படுத்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். ஸ்வெட்டரை முகத்தில் சுற்றிக்கொண்டு தூங்குகிறேன். நாளைக்குப் பொதுக் குளியலறை. முறை வர ஒரு மணி நேரம் ஆகுமாம்.

ஏன் போகிறாய் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பேன். மூன்று வருடம் சரக்குப் பெட்டிகளின் எண்களை எழுதினேன். பெட்டிகள் எல்லாம் எங்கோ போயின. நான் எண் எழுதினேன்.

அடுத்தது செங்து. பதில் எழுதினால் அங்கே பெரிய தபால் நிலையத்துக்கு என் பெயர் போட்டு அனுப்பு. வந்து வாங்கும்வரை வைத்திருப்பார்கள்.

எழுதுவாயா?

ஷுவாங்

*

ஜீலின்
22 பிப்ரவரி

லூ ஷுவாங்,

பதில் எழுதக்கூடாது என்று இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் பேனாவைத் தேடினேன். அதை நீ எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். எதிர்வீட்டில் கடன் வாங்கி எழுதுகிறேன். இதையும் உன் தப்புகளில் சேர்த்துக்கொள்.

ரயிலில் வேலை பார்ப்பவளின் மகளுக்கு ரயிலில் நிற்கத் தெரியவில்லை. வெளியே சொல்லாதே, வெட்கம். ஏறியதும் உட்கார்ந்திருப்பவர்களிடம் எங்கே இறங்குகிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். அடுத்த பெரிய ஸ்டேஷனில் இறங்குகிறவர் பக்கத்தில் போய் நில். நின்ற இடத்தைவிட்டு அசையாதே. ஸ்டேஷன் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே கழிப்பறையைப் பூட்டிவிடுவோம், அதற்குள் போய் வந்துவிடு. பணத்தை ஒரே இடத்தில் வைக்காதே. பாதியை உள்ளாடையில் வைத்துத் தை. ஊசி உன் பையின் பக்க அறையில் இருக்கிறது. நீ கிளம்புவதற்கு முந்தின நாளே போட்டு வைத்தேன்.

இங்கே எல்லாம் வழக்கம் போல. இரண்டு நாள் ரயில், இரண்டு நாள் வீடு. போன வாரம் என் பெட்டியில் ஒரு ஆள் கோட்டுக்குள் வாத்தை வைத்துக்கொண்டு ஏறினார். டிக்கெட் கேட்டேன். வாத்து தலையை நீட்டியது.

"இதுக்குமா டிக்கெட், அக்கா?"

"உக்காந்தா டிக்கெட். நின்னுக்கிட்டு வந்தா வேண்டாம்."

ஷென்யாங் வரைக்கும் அந்த மனுஷன் வாத்தை நிற்க வைத்தே கூட்டிக்கொண்டு வந்தார். அது உட்காரப் பார்த்தால் தூக்கித் தூக்கி விட்டார்.

கொழுக்கட்டை முப்பத்தாறு. நீ கேட்கவில்லை, நானும் பெரிதாகச் சொல்லவில்லை. பால்கனியில் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். கல்லாக உறைந்து கிடக்கிறது. ஏப்ரல் தொடங்கும்வரை குளிர் தாங்கும். அதற்குமேல் வெயிலுக்கு நான் பொறுப்பில்லை. அதற்குள் வந்தால் சாப்பிடு. வராவிட்டால் கொட்டிவிடுவேன்.

கீழே 'அம்மா' என்று எழுதக் கை வரவில்லை. கோபம் இன்னும் இருக்கிறது.

தோங் கூய்லான்
ஆறாம் பெட்டி

*

செங்து
2 மார்ச்

ஆறாம் பெட்டிப் பணியாளர் அவர்களுக்கு,

சொன்னபடி செய்தேன், ஆனால் உன் கடிதம் இல்லாமலே. அது இங்கே வந்தபிறகுதானே கிடைத்தது. பாவோஜியில் தானாகவே புத்தி வந்து, இறங்கப்போகிற ஒரு தொழிலாளியின் பக்கத்தில் போய் நின்றேன். இருக்கை கிடைத்தது. ரத்தம் என்று ஒன்று இருக்கிறது போல.

ஊசியைப் பற்றிப் படித்ததும் பக்க அறையில் கை விட்டேன். இருந்தது. கறுப்பு நூலோடு. தபால் நிலைய பெஞ்சிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய்த் தைத்தேன். நல்லவேளை. மறுநாள் டவுன் பஸ்ஸில் பையை பிளேடால் கீறிவிட்டார்கள். துண்டு, சோப்பு, உன் பேனா, அடையாள அட்டை. எல்லாம் போயிற்று. தைத்த பணம் மட்டும் மிச்சம்.

அன்று விடுதி மாறவேண்டிய நாள். புது விடுதியில் இருந்த பெண் மிளகாய் வறுத்துக்கொண்டே பேசினாள். இங்கத்துப் பேச்சு எனக்குப் பாதிதான் புரிகிறது. அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

"கார்டு இல்லாம படுக்கை கெடையாது. நீ யாருன்னு நான் எப்படி நம்புறது?"

"முகத்தப் பாருங்க அக்கா."

"முகத்துல நம்பர் போட்டிருக்கா?"

என்னிடம் என் பெயர் எழுதிய பொருள் ஒன்றுதான் மீதி. உன் கடிதம். கொடுத்தேன். உறையைப் பார்த்தாள். பிறகு கேட்காமலே கடிதத்தையும் பிரித்துப் படித்தாள். நடுவில் அடுப்பை அணைத்தாள்.

"வாத்து நின்னுக்கிட்டேவா வந்துச்சு?"

"ஷென்யாங் வரைக்கும்."

"இப்படி ஒரு அம்மாவ விட்டுட்டு வந்திருக்கியே, லூசா நீ?" என்று சாவியை எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் என்னைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் முத்திரை போட்ட ஒரு சீட்டும் வாங்கிக் கொடுத்தாள். இப்போது நான் யார் என்பதற்கு இரண்டு காகிதம் இருக்கிறது. சீட்டு ஒன்று, நீ எழுதியது ஒன்று.

வயிறு சரியில்லை. இங்கே எதைச் சாப்பிட்டாலும் முதலில் நாக்கு மரத்துப்போகிறது, பிறகு மற்றதெல்லாம் நடக்கிறது. கழிப்பறை முற்றத்தின் கடைசியில். தூரம் எனக்கு மனப்பாடம்.

ஒரு விஷயம். வாத்துக் கதைக்குச் சிரித்தேன். ஆனால் அதை முன்பே கேட்டது போலவும் இருந்தது. இன்னொன்று, நான் கல்லூரியில் இருந்தபோது உன் கடிதங்கள் ஏதாவது ஒரு ஸ்டேஷன் முத்திரையோடு வரும். இதில் ஜீலின் முத்திரை. வீட்டில் உட்கார்ந்து எழுத உனக்கு நேரம் கிடைக்கிறதா? கிடைத்தால் நல்லது.

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

எனக்கு நீ இரண்டு நாளுக்கு ஒருமுறை இருந்தாய். மற்ற நாள்களில் எதிர்வீட்டில் சாப்பிட்டு, அங்கேயே தூங்கினேன். அது உனக்குத் தெரியும். தெரியாதது இது. நீ கிளம்பும் நாள்களில் பள்ளி விட்டதும் மேம்பாலத்துக்கு ஓடுவேன். உன் ரயில் வெளியூரிலிருந்து திரும்பும்போதும் அங்கேதான் நிற்பேன். ஆறாம் பெட்டி ஜன்னலுக்குக் கை காட்டுவேன். ஒருமுறைகூட நீ பார்த்ததில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஸ்டேஷனுக்குப் பத்து நிமிடம் முன்பு கழிப்பறை பூட்டிக்கொண்டிருப்பாய் என்று இந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிகிறது.

உன் ரயில் ஷான்ஹாய்குவானில் ஒன்பது நிமிடம் நிற்கும் என்று சின்ன வயதிலிருந்து சொல்வாய், நீளமான நிறுத்தம் அதுதான் என்று. உன் முறையை எண்ணிப் பார்த்தேன். மார்ச் 26 வருகிறது. குன்மிங் போய்விட்டு வடக்கே திரும்புகிறேன். அன்றைக்கு அந்தப் பிளாட்பாரத்தில் நிற்பேன். சண்டையை ஒன்பது நிமிடத்தில் முடித்துக்கொள்ளலாம். முடியாவிட்டாலும் ஒருமுறை நீ என்னைப் பார்த்ததாக இருக்கும்.

பதிலைக் குன்மிங்குக்கு அனுப்பு.

ஷுவாங்

*

ஜீலின்
9 மார்ச்

ஷுவாங்,

வராதே.

26ஆம் தேதி என் முறை மாறினாலும் மாறும். மாறாவிட்டாலும் ஒன்பது நிமிடம் என்பது உனக்குத்தான் நீளம். எனக்குக் கைப்பிடி துடைக்க வேண்டும், குப்பை இறக்க வேண்டும், ஏறுகிறவர்களின் டிக்கெட் பார்க்க வேண்டும். மேலதிகாரி பார்த்தால் திட்டுவார். அதுவும் போக, இப்போது அங்கே ஐந்து நிமிடம்தான் நிற்கிறது என்றும் சொல்கிறார்கள். நேராக வீட்டுக்கு வா. பேச வேண்டியதை வீட்டில் பேசலாம்.

வயிற்றுக்கு வெறும் கஞ்சி குடி. உப்பு முள்ளங்கி கிடைத்தால் தொட்டுக்கொள். பழம் வேண்டாம். ஸ்டேஷன் குழாயில் தண்ணீர் பிடிக்காதே. ரயில் பாய்லரில் பிடித்த வெந்நீரை பாட்டிலில் வைத்துக்கொண்டு இறங்கு. அந்த விடுதிப் பெண்ணின் பெயரைக் கேட்டாயா? இல்லையென்றால் நன்றி எப்படிச் சொல்வது? நீ எதையும் பாதியில் விடுகிறவள்.

வாத்துகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

மேம்பாலத்தில் நின்றதை ஏன் அப்போதே சொல்லவில்லை? சொல்லியிருந்தால் கழிப்பறையை ஒரு நிமிடம் தாமதமாகப் பூட்டியிருப்பேன். அதற்காக யாரும் என்னை வேலையைவிட்டு எடுத்திருக்க மாட்டார்கள்.

ஆற்றங்கரை மரங்களில் வெள்ளை உறைபனி இந்த வருடம் இன்னும் ஒருமுறைதான் பூக்கும் என்கிறார்கள். நீ பிறந்த அன்று காலையில் பூத்திருந்தது. அதனால்தான் உனக்கு இந்தப் பெயர். பால்கனியில் நண்பகலில் ஐஸ் சொட்டத் தொடங்கிவிட்டது. தகரப் பெட்டியை நிழல் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அம்மா

*

ஷான்ஹாய்குவான்
26 மார்ச்

அம்மா,

வந்தேன்.

குன்மிங்கிலிருந்து இரண்டரை நாள். கால் வீங்கிவிட்டது, செருப்பு நுழையவில்லை. தலையில் நிலக்கரிப் புழுதி. உன் கடிதத்தை ஏழெட்டு முறை படித்தேன். ஒரு பக்கத்தில் நான்கு காரணம். உண்மையான காரணம் இருக்கிறவர் ஒன்றைத்தான் சொல்வார். நீ என்னைப் பார்க்க விரும்பவில்லை என்று எடுத்துக்கொண்டேன். இருந்தாலும் வந்தேன். முகம் கழுவினேன். பிளாட்பார டிக்கெட் வாங்கினேன்.

ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. ஆறாம் பெட்டி எனக்கு நேராக நின்றது. கதவைத் திறந்தது நீ இல்லை, உன் ரயில் தோழி ஹாவ் அத்தை.

என்னை முதலில் அடையாளம் தெரியவில்லை. அப்புறம் கையில் இருந்த துணியைக் கீழே போட்டுவிட்டாள்.

"அடியே, நீ கூய்லான் அக்கா பொண்ணு தானே! என்னடி இது கோலம்? சுரங்கத்துல இருந்தா வர்ற?"

"அம்மா எந்தப் பெட்டியில அத்தை?"

"எந்த அம்மா?"

"என் அம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஏறுகிறவர்களின் டிக்கெட்டுகளைப் பார்த்தாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"உனக்குத் தெரியாதா? அக்கா புது வருஷத்தோட வேலைய விட்டு நின்னுட்டாளே. வீட்டுல ரெண்டு பேரு வேலையில இருந்தா ஒருத்தர் போகணும்னு சுற்றறிக்கை வந்துச்சு. உங்க வீட்டுல உன் பேரா, அவ பேரான்னு கேட்டாங்க. அவ உக்காரக்கூட இல்ல. நின்ன எடத்துலயே தன் பேர எழுதிக் குடுத்துட்டு வந்தா. 'எம் பொண்ணு படிச்சவ, அவ இருக்கட்டும்'னு சொன்னா. நாங்கதான் அழுதோம். அவ கைப்பிடி தொடச்சுக்கிட்டு இருந்தா."

"எப்போ எழுதிக் குடுத்தாங்க?"

"நீ ஊர் சுத்தக் கெளம்புறதுக்கு மூணு நாள் முந்தி."

விசில் அடித்தது. அவள் பெட்டிக்குள் போய், அவித்த முட்டை இரண்டைக் கொண்டுவந்து என் சட்டைப் பையில் திணித்தாள். சூடாக இருந்தன. "அவகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாத" என்றாள். சொல்கிறேன்.

ஒன்பது நிமிடம்தான் நிற்கிறது அம்மா. ஐந்து இல்லை.

ரயில் போன பிறகு பெஞ்சில் உட்கார்ந்தேன். வாத்துக் கதை எப்போது கேட்டது என்று ஞாபகம் வந்தது. மூன்றாம் வகுப்பில். எனக்குக் காய்ச்சல், நீ சீருடையைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாய். 'போன வாரம்' என்றாய் அப்போதும்.

மூன்று நாள் முன்பு எனக்காக உன் பேரை எழுதிக் கொடுத்திருக்கிறாய். மூன்றாம் நாள் காலையில், நீ மாவு உருட்டும்போது, அந்த வேலையை நான் விட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்தச் சுற்றறிக்கை என் மேசைக்கும் வந்திருக்கும். எதையும் படிக்காமல் அடுக்கி வைத்த மாதம் அது. உனக்காக விலகினேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளக்கூட முடியாது. எனக்கு மூச்சு முட்டியது, விலகினேன். அவ்வளவுதான் உண்மை.

நீ சொல்லியிருந்தால் அந்த ஐந்து நிமிடம் நின்றிருப்பேன். சொல்லியிருந்தால் போயிருக்கவே மாட்டேன். அதனால்தான் சொல்லவில்லையா?

வீட்டுக்கு வர வேண்டும். டிக்கெட் வாங்க வரிசையிலும் நின்றேன். என் முறை வந்தபோது வேறொன்று தோன்றி விலகிவிட்டேன்.

பிளாட்பாரத்தில் நீ நிற்கும் இடத்திலிருந்து வெளி வாசலுக்கு நாற்பத்திரண்டு அடி. நடந்து பார்த்தேன். வாசலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்தம். அதற்கு அடுத்து நூடுல்ஸ் கடை. அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால் பெருஞ்சுவர் கடலுக்குள் போய் முடியும் இடம். நான் இன்னும் போகவில்லை. இருபத்தாறு வருடம் இந்த வாசலுக்கு நாற்பத்திரண்டு அடி தள்ளி நின்று கைப்பிடி துடைத்திருக்கிறாய். கடல் எப்படி இருக்கும் என்று நான் கேட்டபோதெல்லாம் "பிளாட்பாரம் நீளமா இருக்கும்" என்பாய். விளையாடுகிறாய் என்று நினைத்தேன்.

நான் வீட்டுக்கு வரவில்லை. நீ வா.

ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள விடுதியில் இருக்கிறேன். இரண்டு படுக்கை உள்ள அறை. என் காவல் நிலையச் சீட்டைப் பார்த்து இடம் கொடுத்தார்கள். இன்னொரு படுக்கையில் யாரையும் போடாதீர்கள், அம்மா வருகிறார் என்று சொல்லிவிட்டேன். கேட்காமல் சொல்லிவிட்டேன். இதையும் என் தப்புகளில் சேர்த்துக்கொள்.

ஷுவாங்

*

ஜீலின்
31 மார்ச்

ஷுவாங்,

ஹாவுக்கு வாய் ஓட்டை. முட்டை கொடுத்தாளா? உப்பு போட்டிருந்தாளா?

உனக்காக ஒன்றும் செய்யவில்லை என்றுதான் எழுத உட்கார்ந்தேன். முட்டி வலி, நிற்க முடியவில்லை, எப்படியும் வேலையை விட்டிருப்பேன் என்று. அரைப் பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். உன் கடிதத்தில் பொய் இல்லை. என்னுடையதில் மட்டும் இருந்தால் நன்றாக இருக்காது.

உனக்காகத்தான். ஆனால் அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. அன்றைக்குக் கத்தியது வேலை போனதற்காக அல்ல. எனக்கும் இல்லாமல், உனக்கும் இல்லாமல், நடுவில் வீணாய்ப் போயிற்றே என்று. பிறகு உன் கடிதங்கள் வந்தன. எண் எழுதியது, மூட்டைக்குள் கிண்ணம் உடைந்தது, முகத்தில் நம்பர் இருக்கிறதா என்று கேட்டது. எல்லாவற்றையும் எதிர்வீட்டில் படித்துக் காட்டினேன். வீணாகப் போகவில்லை என்று மெல்ல மெல்லத் தெரிந்தது. இதை எழுத இவ்வளவு நாள் ஆயிற்று.

ரயிலில் இருப்பதாக எழுதியது ஏன் தெரியுமா? நீ நடுவழியில் இருந்தாய். வழியில் இருக்கிறவரிடம் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லக்கூடாது. என் அம்மா எனக்குச் சொன்னதில்லை. நான் உனக்குச் சொல்லவில்லை. நீ கொஞ்சம் கெட்டிக்காரியாகப் பிறந்துவிட்டாய், அதுதான் கோளாறு.

இன்னொன்றும் சொல்கிறேன். வேலை நின்றதிலிருந்து சாயங்காலம் ரயில் போகும் நேரத்துக்கு வீட்டில் கால் நிற்கவில்லை. மேம்பாலத்துக்குப் போய்விடுகிறேன். உன் கடிதம் வருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான். நீ நின்ற இடம் அதுதான் என்று தெரியாமலே. ஆறாம் பெட்டி ஜன்னல் அங்கிருந்து நன்றாகத் தெரிகிறது. இவ்வளவு நன்றாகத் தெரியும் என்று நான் நினைக்கவே இல்லை. நேற்று கை காட்டிப் பார்த்தேன். ஹாவ் பார்க்கவில்லை. பூட்டிக்கொண்டிருந்திருப்பாள்.

எனக்கு எல்லா ஸ்டேஷனும் தெரியும். எந்தப் பக்கம் குழாய், எங்கே தரை வழுக்கும், எந்த விளக்கு எரியாது. வாசலுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. இருக்கையில் உட்கார்ந்து எப்படிப் பயணம் செய்வது என்றும் தெரியாது. யாராவது வந்து எங்கே இறங்குகிறீர்கள் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? காலையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

எதிர்வீட்டுக்காரி கேட்டாள்.

"எதுக்கு இவ்வளவு பெரிய பை? அங்கயே குடித்தனம் பண்ணப் போறியா?"

"எம் பொண்ணுக்கு ஸ்வெட்டர், செருப்பு, துண்டு. எல்லாத்தையும் தொலைச்சுட்டா."

"உனக்கு?"

"எனக்கு ஒரு கிண்ணம்."

உன்னுடைய கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டேன். வந்து இறங்குகிறவருக்கு நூடுல்ஸ் கொடுக்க வேண்டியது உன் பொறுப்பு. கடைக்காரனிடம் சொல்லி வை. வெங்காயத்தாள் நிறையப் போடச் சொல். எனக்கு மிளகாய் வேண்டாம்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் எனக்குப் பிறகுதான் வந்து சேரும். அதனால் கையிலேயே கொண்டுவருகிறேன். நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போது சத்தம் போட்டுப் படிக்காதே.

இன்று காலை தகரப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் இருந்த இரண்டு மட்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மற்றவை கல்லாகத்தான் இருந்தன. பயணம் போகிறவருக்குச் செய்தது. அடுப்பைப் பற்ற வைத்து, தண்ணீர் கொதிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். பன்னிரண்டு சாப்பிட்டேன். மீதியை எதிர்வீட்டில் கொடுத்து, சாவியையும் கொடுத்துவிட்டு, ஸ்டேஷனுக்கு நடந்து போய் ஆறாம் பெட்டியில் ஒரு ஜன்னலோர டிக்கெட் வாங்கினேன்.

அம்மா